சின்னம் ஒட்டிய விளக்குகள்

போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாலும் அடித்தால் மேசை அதிரும் என்பது நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் மரகதவல்லிக்கு உறைத்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் இருந்தால் குனிந்து குனிந்து பார்க்கத் தோன்றும், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மறுபடியும் மேசைக்கே கொண்டுவந்து கழுத்துத் துண்டைச் சுருட்டி அதன்மேல் வைத்தாள். இனி அடித்தால் துண்டு அதிரும். அதிரட்டும். மத்தியானத்துக்குள் பதில் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தார் நேசரத்தினம். கேட்டதுகூட இல்லை, கெஞ்சியிருந்தார், அந்த மனிதர் கெஞ்சி அவள் இதற்குமுன் கேட்டதே கிடையாது. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர், அவளுடைய திட்டத்தின் களப்பணியாளர், எதற்கும் அசையாத ஆள், விமானம் தவறினாலும் பாலம் உடைந்தாலும் "பாப்பம் அக்கா" என்கிற ஒரே பதிலோடு காரியத்தை முடித்துவிடுகிறவர். இன்று காலை அவள் கூட்டத்துக்குக் கிளம்பி, கழிப்பறைக் கண்ணாடி முன்னால் புடவையா கோட்டா என்று கடைசி நேரத்தில் குழம்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றபோது அந்தப் போன் வந்தது. ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து, தோலேவாவிலிருந்து. விளக்குத் தொங்குகிற வீட்டுக் கதவுகளில் எல்லாம் இரவோடு இரவாக யாரோ சாம்பல் பூசியிருக்கிறார்களாம்.

"சாவீட்டுக் கதவுக்குத்தான் அக்கா இங்க சாம்பல் பூசுறவங்கள்," என்றார். "இங்க ஒருத்தரும் இன்னும் சாகேல்லை."

அந்த 'இன்னும்' காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, எழுந்து போகிற வழியாக இல்லை. எதிரே திரையில் பஸ்கால் ஏதோ படம் காட்டிக்கொண்டிருந்தார், பெட்டி பெட்டியாக அம்பு போட்ட படம். பஸ்கால் அவளுடைய மேலதிகாரி, தீர்ப்பாயத்தின் துணைப் பதிவாளர், சாட்சிகளும் சிறையும் கணக்கும் அவர் கையில்தான். அவருக்குப் பக்கத்தில் இங்கெபோர்க், பணம் கொடுக்கிற நாட்டின் பிரதிநிதி, குட்டை முடி, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற பெண். தீர்ப்பாயம் என்பது அந்த ஆற்றங்கரையில் நடந்த கொலைகளை விசாரிக்கவென்று பல நாடுகள் கூடி அமைத்தது. கொலை நடந்தது அங்கே, விசாரணை நடப்பது இங்கே, ஹேக் நகரத்தில், மழை தூறிக்கொண்டே இருக்கிற, டிராம் மணியடித்துப் போகிற தெருவில். நீதிபதிகளுக்கும் வழக்கறிஞர்களுக்கும் தீர்ப்பாயத்தின் சொந்தப் பணத்தில் சம்பளம் வந்துவிடும். சாட்சி சொன்ன ஜனங்களுக்கு மருந்து, பாய், விளக்கு என்று எது வேண்டுமானாலும் ஏதாவது ஒரு நாட்டிடம் கைநீட்டித்தான் வாங்க வேண்டும். அந்தக் கைநீட்டுகிற வேலை மரகதவல்லியுடையது. நன்கொடைத் திட்ட மேலாளர் என்று கதவில் எழுதியிருக்கிறது. பெயரை யாராலும் சொல்ல முடியாமல் மாரா என்று சுருக்கிவிட்டார்கள், சாத்தூர்க்காரிக்கு மாரா என்ற பெயர் சரியாகத்தான் இருக்கிறது, மாரியாத்தாளின் பாதி. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பழகிவிட்டது, இப்போது யாராவது மரகதம் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்க ஒரு நொடி ஆகிறது. ஒரு நொடியில் என்னவெல்லாம் நடந்துவிடும். சாம்பல் பூச எத்தனை நொடி ஆகியிருக்கும். ஒரு கைப்பிடி சாம்பலும் கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் போதும்.

விளக்கு. அந்தப் பெண்கள் கேட்டதே விளக்குதான். அவள் அங்கே போயிருந்தாள், போன வருஷம், கொசு கடித்த தழும்பு முழங்காலில் இன்னும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் என்று பதிந்துகொண்ட பெண்களைப் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். தையல் மிஷின் கேட்பார்கள், ஆடு கேட்பார்கள் என்று அலுவலகத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். யோலா என்கிற பெண், வாயில் ஒரு பல் இல்லாமல் அதை மறைக்காமல் சிரிக்கிறவள், எழுந்து நின்று விளக்கு என்றாள். அவர்கள் வந்தது இருட்டில், எங்களுக்கு யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்றாள்.  மரகதவல்லி அன்று ராத்திரியே திட்டத்தை எழுத உட்கார்ந்தாள். வெயிலில் வைத்தால் இரவெல்லாம் எரிகிற விளக்கு, வாசலில் தொங்கவிடக் கொக்கி, உடைந்தால் மாற்றிக்கொடுக்க ஆள். இவ்வளவு நன்றாக அவள் எந்தத் திட்டமும் எழுதியதில்லை. இங்கெபோர்க் வாசித்துவிட்டு அழுதேன் என்று பதில் போட்டாள், பொய்யில்லை, அவள் அழுகிற ஆள்தான். இங்கெபோர்க் கெட்டவளாக இருந்திருந்தால் இன்று எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று மரகதவல்லிக்குத் தோன்றியது. கெட்டவளாக இருந்தால் ஏமாற்றிவிடலாம். நல்லவர்களை ஏமாற்றுவதற்கு வேறு மாதிரி வயிறு வேண்டும். 

திரையில் படம் மாறியது. பஸ்கால் குரலை இறக்கி, இது எல்லாருக்கும் பிடிக்கும் என்றார். அந்திநேரத்துத் தோலேவா. யாரோ மேட்டிலிருந்து எடுத்த படம். கீழே ஆறு மங்கலாக, கூரைகள் கறுப்பாக, கூரைகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக வாசல் விளக்குகள் மஞ்சளாக எரிந்தன. மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு ஓடியது. இங்கெபோர்க் தலையிலிருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்து இறக்கிப் போட்டுக்கொண்டு, இது வருஷக் காலண்டரின் அட்டையில் வர வேண்டும் என்றாள். மரகதவல்லி அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், அறிக்கையில் அவளே சேர்த்ததுதான், அழகு என்று அவளும் சொன்னவள்தான். இப்போது பார்த்தபோது அதில் வேறொன்று தெரிந்தது. விளக்கு எரிகிற வீடு எது, எரியாத வீடு எது என்று கைக்குழந்தைகூட விரல் நீட்டிச் சொல்லிவிடும். எரிகிற வீடு தீர்ப்பாயத்தோடு பேசிய வீடு. சாட்சிகளின் பெயரை ஒரு இடத்திலும் எழுதாமல், எண் போட்டு, அந்த எண்ணையும் மூன்று கடவுச்சொல்லுக்குள் பூட்டி, தொலைபேசியில் பேசும்போதுகூடப் பெயர் சொல்லக் கூடாது என்று ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அந்தப் பயிற்சிக்கும் பணம் வாங்கி, எல்லாம் செய்துவிட்டு வாசலில் விளக்கைத் தொங்கவிட்டிருக்கிறோம். யாருக்கும் தோன்றவில்லையே. பாதுகாப்புப் பிரிவுக்குத் தோன்றவில்லை, நேசரத்தினத்துக்குத் தோன்றவில்லை, எனக்கு, எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். வெறும் விளக்காக இருந்திருந்தாலாவது சந்தையில் வாங்கினது என்று சொல்லித் தப்பித்திருப்பார்கள். சின்னம் ஒட்டியிருக்கிறதே. ஒட்டினது நான்.

பணம் கொடுத்தவர்கள் கொடுத்தது வெளியே தெரிய வேண்டும் என்று எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு பிரிவு வரும். நன்கொடையில் வாங்கிய பொருள் எதுவானாலும் அந்த நாட்டின் சின்னமும் தீர்ப்பாயத்தின் தராசுச் சின்னமும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். ஜீப்பில், நாற்காலியில், மருந்துப் பெட்டியில், பேனாவில்கூட. முதலில் வந்த ஸ்டிக்கர் மழையில் உரிந்து வந்தது. தணிக்கைக்காரர்கள் குறை எழுதினார்கள். குறை எழுதினால் மரகதவல்லிக்குச் சோறு இறங்காது, அவள் சுபாவம் அப்படி. உரியாத ஸ்டிக்கரைத் தேடிப் பிடித்து, மாதிரிக்கு வந்ததை வீட்டுக் குளியலறை வாளியில் ஒரு வாரம் ஊறப்போட்டு, மகள் இளவெயினி மூக்கைப் பொத்திக்கொண்டு என்னம்மா இது ஊறுகாயா என்று கேட்க, நகத்தால் சுரண்டிப் பார்த்து, உரியவில்லை என்று உறுதியான பிறகு வாங்கச் சொன்னாள். அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம். காலையில் நேசரத்தினம் சொன்னார், பெண்கள் கத்தியை வைத்துச் சுரண்டிப் பார்க்கிறார்களாம், வரமாட்டேன் என்கிறதாம். எப்படி வரும்? கெட்டிக்காரி தேடிப் பிடித்த பசை அல்லவா. தண்ணீர் குடித்தாள். டம்ளர் காலியாகவே இருந்தது, காலி டம்ளரைத்தான் வாயில் வைத்திருக்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜாடியைத் தள்ளிக் கொடுத்தார்.

விளக்கைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று அவள்தான் முதலில் கேட்டாள். நேசரத்தினம் அதற்கும் யோசித்து வைத்திருந்தார். திருப்பி வாங்கினால் தீர்ப்பாயமே பயந்துவிட்டது என்று ஆகும், எந்தெந்த வீடு என்பது ஏற்கெனவே ஊருக்குத் தெரிந்துபோயிற்று, இருட்டும் வந்து சேரும் என்றார். அவர் லாரியில் வேறு கிராமங்களுக்குப் போக வேண்டிய விளக்குகள் நிறைய இருந்தன. அவற்றை எல்லாம் தோலேவாவில் இறக்கி வீடு தவறாமல் கொடுத்துவிடுவது, எந்த வாசலைப் பார்த்தாலும் ஒரே விளக்கு, ஒரே சின்னம், அதுதான் அவர் யோசனை. "ரெண்டில ஒண்டு சொல்லுங்கோ அக்கா. பொழுதுபட முதல் நான் லொறியோட ஆத்தைக் கடக்க வேணும். கடந்திட்டா இண்டைக்கு ராவு இவையள் தனிய." சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வீடு தவறாமல் என்றால் மேட்டுப் பக்கத்து வீடுகளுக்கும்தான். தோலேவாவில் ஆற்றோரம் இருப்பவர்கள் ஆட்களைப் பறிகொடுத்தவர்கள். மேட்டில் இருப்பவர்கள் தளபதியின் ஆட்கள், ஊரார் தளபதி என்று கூப்பிட்ட அந்த மனிதனோடு அன்றைக்குக் கத்தி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவர்களின் பெண்டாட்டி பிள்ளைகள். தளபதி இப்போது இங்கே, இதே நகரத்தில், கடலோர மணல்மேட்டுச் சிறையில் இருக்கிறான். அவனைப் பெற்றவள் அங்கே மேட்டில் இருக்கிறாள். ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது, அதை வாசிக்க மரகதவல்லிக்குக் காகிதம் தேவையில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். குற்றம் சாட்டப்பட்டவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ நேராகவோ சுற்றியோ எந்தப் பயனும் போகக் கூடாது. போனால் நன்கொடை அன்றோடு நின்றுவிடும். நின்றால் யோலாவுக்கு ஊசி போட வருகிற நர்ஸின் சம்பளம் நிற்கும், நேசரத்தினத்தின் சம்பளம் நிற்கும், மரகதவல்லியின் சம்பளமும் அதே குழாயிலிருந்துதான் வருகிறது. வேலை போனால் விசா போகும், விசா போனால் இளவெயினியின் பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷம் போகும். அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வது? அம்மா விளக்குக் கொடுத்தேன், அதனால் மூட்டை கட்டு என்றா?

கேட்டுவிடலாம். இதோ இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், பஸ்கால் இருக்கிறார், இங்கெபோர்க் இருக்கிறாள், வாயைத் திறந்து கேட்டால் முடிந்தது. வாயைத் திறந்தாள். ஜன்னலைக் கொஞ்சம் திறக்கலாமா என்று கேட்டாள். யாரோ எழுந்து திறந்தார்கள், மழை வாசனையும் டிராம் சத்தமும் உள்ளே வந்தன. கேட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும், எத்தனை வருஷமாக இதையே செய்கிறாள். பஸ்கால் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு சட்டப் பிரிவைக் கேட்போம் என்பார். சட்டப் பிரிவு எழுத்தில் கேட்கும். எழுத்தில் கொடுத்தால் பாதுகாப்புப் பிரிவு ஆபத்தை அளக்க ஆள் அனுப்பும், ஆளுக்கு விசா வர வேண்டும். அடுத்த வாரம் அழகான பதில் வரும், கூடாது என்று. அதற்குள் தோலேவாவில் இருட்டு ஏழு தடவை வந்து போயிருக்கும். கேட்டு, கூடாது என்று சொன்ன பிறகு கொடுத்தால் அது கீழ்ப்படியாமை. கேட்காமல் கொடுத்தால் அது தவறு. தவறுக்கு மன்னிப்பு உண்டா? அவள் பார்த்தவரை கிடையாது. ஆனால் விளக்கு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். மனசு இப்படிச் செக்கு சுற்றுகிறதே, ஒரு இடத்தில் நில்லேன் என்று தன்னையே வைதாள். அதற்குள் அது வேறு எங்கேயோ போயிருந்தது, சாத்தூருக்கு, எட்டாம் வகுப்புக்கு, சுகிர்தம் டீச்சரின் மூக்குத்திக்கு.

சுகிர்தம் டீச்சர் நல்லவர். அதைச் சொல்லிவிட்டுத்தான் மரகதவல்லியால் அதை நினைக்கவே முடியும். விண்ணப்பம் வாங்கத் தாசில்தார் ஆபீசுக்குத் தானே நடந்தவர், கையெழுத்துப் போடத் தெரியாத அப்பன்மாருக்குப் பக்கத்தில் நின்று ரேகை வைக்கச் சொல்லிக் கொடுத்தவர். ஜூலை மாசம், வகுப்பு சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது, புதுப் பள்ளிக்கூடம், யாருக்கும் யாரையும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்தவள் மாலினி, வளையல்கடைக்காரர் மகள், மத்தியானம் இரண்டு பேரும் ஒரே வேப்பமரத்தடியில் சாப்பிட்டார்கள், மாலினி வீட்டு வெங்காயத் துவையலுக்காகவே மரகதவல்லி காலையிலிருந்து காத்திருப்பாள். டீச்சர் வந்தார், கையில் காகிதக் கட்டு, முகத்தில் நல்ல சேதி கொண்டுவந்தவரின் சிரிப்பு. "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைங்கல்லாம் எந்திரிங்கம்மா" என்றார். எழுந்தாள். வேறு என்ன செய்ய முடியும்? அங்கங்கே சில பேர் எழுந்தார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தபடி நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சர் நின்றவர்களை விரல் விட்டு எண்ணி, சரியாக இருக்கிறது என்று திருப்தியாக உட்காரச் சொன்னார். மறுநாள் மாலினி வேறு மரத்தடிக்குப் போய்விட்டாள். சண்டை கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. பணம் வந்தது, அந்தப் பணத்தில்தான் அவள் படித்தாள், படித்ததால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறாள், அதையும் மறுக்க முடியாது. ஆனால் எழுந்து நின்ற அந்த நேரம் அவள் உடம்பை விட்டுப் போகவே இல்லை. இப்போது யோலாவை எழுந்து நிற்கச் சொன்னது யார்? காகிதக் கட்டோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தது யார்? வெட்கமாக இருந்தது. பொங்கி வந்த வெட்கத்தில் காது மடல் சுட்டது. தெரியாதவர்கள் செய்தால் பரவாயில்லை, தெரிந்த நான் செய்தேனே என்று மனசு அடித்துக்கொண்டது. பிற்பாடு அக்கா மகளுக்குப் பிளஸ் ஒன்னில் இலவச சைக்கிள் வந்தது நினைவுக்கு வந்தது. அவளுக்கு வந்தபோது வகுப்புப் பெண்கள் எல்லாருக்கும் வந்தது, ஒரே நிறம், ஒரே அரசாங்க முத்திரை. சைக்கிள் ஸ்டாண்டில் எது யாருடையது என்று அடையாளம் தெரியாமல் ஹேண்டில் பாரில் ரிப்பன் கட்டிவிட்டார்களாம். பச்சை ரிப்பன் என்னுது சித்தி என்றாள். எது யாருடையது என்று தெரியவில்லை என்பதை ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் அந்தப் பிள்ளை.

தேநீர் இடைவேளை விட்டார்கள். எழுந்தபோது கால் மரத்திருந்தது. இங்கெபோர்க் அவள் தோளைத் தொட்டு, உன் முகம் சரியில்லையே, ஊரில் எல்லாரும் நலமா என்று கேட்டாள். நலம் என்றாள். பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு நடைபாதையின் கடைசிக்கு, நகல் எடுக்கிற இயந்திரம் இருக்கிற மூலைக்குப் போனாள், பிஸ்கட்டை அந்த இயந்திரத்தின் மேலேயே வைத்துவிட்டு நேசரத்தினத்தின் எண்ணை அழுத்தினாள். ஒரே மணியில் எடுத்தார். அந்தப் பெண்களைக் கேட்டீர்களா, மேட்டுக்காரர்களுக்கும் கொடுப்பதில் அவர்களுக்குச் சம்மதமா, அதைக் கேட்காமல் நாம் எப்படி என்று அவள் மூச்சுவிடாமல் அடுக்கினாள்.

"கேட்டனான் அக்கா. ரெண்டு பேர் அழுதவை. யோலா சொன்னவ, எனக்கு அவையளில கோவம் இருக்கு, அந்தக் கோவத்தைப் பகல்ல வச்சுக்கொள்ளுறன், ராவில எனக்கு நித்திரை வேணும், எல்லாருக்கும் குடுங்கோ எண்டு."

மரகதவல்லி சுவரில் சாய்ந்துகொண்டாள். இயந்திரம் யாரோ அனுப்பிய பக்கங்களைத் தானாகத் துப்பிக்கொண்டிருந்தது.

"சரி தம்பி. எல்லாருக்கும் குடுத்துருங்க. ஒரு வீடு விட்டுப்போகக் கூடாது."

"அவன்ர தாய்க்கும்?"

"அந்தம்மா வீட்டுலதான் மொதல்ல. நாலு பேரு பாக்கக் குடுங்க. யாரு சொல்லிக் குடுத்தீங்கன்னு கேட்டா எம் பேரச் சொல்லுங்க, உங்க பேரு இதுல வரவே வேணாம்."

 பாப்பம் அக்கா என்றார் அவர். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சொன்ன பிறகு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. சாண்ட்விச் வந்தது, சாப்பிட்டார்கள், வெள்ளரிக்காயும் வெண்ணெயும் தவிர அதில் என்ன இருந்தது என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. மதியக் கூட்டத்தில் வேறொருவர் வரைபடம் காட்டினார், பயனாளிகளின் மனநிறைவு என்று ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது. மரகதவல்லி அந்தக் கோட்டின்மேல் லாரியை ஏற்றிக்கொண்டிருந்தாள். இப்போது லாரி மேட்டில் ஏறியிருக்கும். இப்போது நாய்கள் குரைத்திருக்கும். அந்தக் கிழவி கதவை அடைத்துவிட்டால்? தீர்ப்பாயத்தின் தராசுச் சின்னத்தைப் பார்த்ததும், என் மகனைப் பிடித்து வைத்திருக்கிறவன் விளக்கா என்று வாசலில் போட்டு உடைத்தால்? அவள் உடைத்தால் மேடு முழுக்க உடைக்கும், உடைத்த கையோடு கீழே இறங்குவார்கள். ராத்திரி வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள். முதல் வீடு அது என்று சொன்னது யார்? நான். எவ்வளவு தைரியம் உனக்கு, ஹீட்டர் போட்ட அறையில் உட்கார்ந்துகொண்டு. நேசரத்தினத்தின் மனைவி கொழும்பில் இருக்கிறாள், சுபாங்கினி, ஒரு தடவை பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா அனுப்பினாள், அவளுக்கு நான் போன் செய்ய வேண்டி வந்தால் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பேன்? கையைப் பிசைந்தாள். விரலில் சொடக்குப் போட்டாள், சத்தம் கேட்டுப் பக்கத்திலிருந்தவர் திரும்பினார். இங்கெபோர்க் அவளைப் பார்த்து இன்னொரு தடவை சிரித்தாள், அந்தச் சிரிப்பில் சந்தேகம் ஒரு துளிகூட இல்லை, அதைத் தாங்க முடியவில்லை. அறிக்கையில் இதை எப்படி எழுதுவது என்று மனசின் ஒரு மூலை அதுபாட்டுக்கு வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தது. சமூக நல்லிணக்கக் கூறு என்று ஒரு தலைப்புப் போட்டால், விநியோகத்தில் ஏற்பட்ட மாறுதல் என்று ஒரு வரி சேர்த்தால் யார் கண்ணிலும் படாது. அவளுக்கு அது நன்றாக வரும். எதையும் யார் கண்ணிலும் படாமல் எழுத அவளைப் போல ஆள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. அதை நினைத்தபோது தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்தது.

துண்டு அதிர்ந்தது. மன்னிக்க வேண்டும் என்று சொன்னாளா சொல்லவில்லையா தெரியாது, நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடிக்க வெளியே வந்துவிட்டாள். நேசரத்தினத்தின் குரலுக்குப் பின்னால் நிறைய ஜனம் பேசுகிற சத்தம் கேட்டது. சத்தம் சண்டையா, வேறா என்று பிரிக்க முடியவில்லை, தம்பி தம்பி என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். முதலில் கிழவி கதவைத் திறக்கவே இல்லையாம். மேட்டு ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு லாரியைச் சுற்றி நின்றார்களாம், ஒருவனும் விளக்கைத் தொடவில்லை. டிரைவர் இறங்க மாட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெகுநேரம் கழித்துக் கிழவி தானே நடந்து வந்தாள். ஒரு விளக்கை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்தச் சின்னத்தின்மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்து, எடுத்துப்போய்த் தன் வாசலில் மாட்டி, பட்டப்பகலில் ஏற்றி வைத்தாள். அதற்கப்புறம் தள்ளுமுள்ளுதான், இப்போது லாரியில் ஒன்றும் மிச்சமில்லை. ஆற்றோரத்துப் பெண்கள் கதவுகளைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். மரகதவல்லி நடைபாதைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் போன காவலாளி ஒருவர் நின்று, ஏதாவது வேண்டுமா என்று சைகையில் கேட்டார், வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"இன்னும் ஒண்டு இருக்கு அக்கா," என்றார் நேசரத்தினம். "அந்தத் தாய் மனுசி என்னை விடுறா இல்லை. சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. உங்கட இடத்தில என்ர மோன்ர அறையில ராவில விளக்கு எரியுமோ எண்டு கேக்கிறா. சின்னனில இருந்து அவனுக்கு இருட்டெண்டாப் பயமாம். என்னெண்டு சொல்ல?"

எரியும் என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை, யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை, கிழவி தூங்குவாள், ஊர் தூங்கும், நேசரத்தினம் ஆற்றைக் கடந்துவிடுவார். அறிக்கையில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் இங்கெபோர்க் காலண்டர் அச்சடிப்பாள், இளவெயினி பரீட்சை எழுதுவாள். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் எரியுமா என்பது மரகதவல்லிக்கே தெரியாது. இருட்டுக்குப் பயந்த அந்தப் பையன் வளர்ந்து, இருட்டில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கி வந்தான். அவன் அறையில் விளக்கு உண்டா இல்லையா என்று இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்க வேண்டியது தன் வேலை என்றும் நினைத்ததில்லை. அவன்மேல் இரக்கம் வந்ததா என்றால் வரவில்லை. யோலாவின் சிரிப்பும் அதில் இல்லாத பல்லும்தான் வந்தன. ஆனால் அந்தக் கிழவி விளக்கை மாட்டியிருக்கிறாள். மாட்டிவிட்டு ஒரே ஒரு விஷயம் கேட்கிறாள், அதற்கும் நான் பொய் சொல்வதா?

"இருக்கச் சொல்லுங்க தம்பி," என்றாள். "போன வைக்காதீங்க. கேட்டுச் சொல்றேன்."

உள்ளே போனாள். போனைக் கையிலேயே வைத்திருந்தாள், அதிலிருந்து தோலேவாவின் சத்தம் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. பஸ்கால் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார், கூட்டம் முடிகிற நேரம், வேறு விஷயங்கள் ஏதாவது உண்டா என்று வழக்கமாகக் கேட்டுவிட்டு, வழக்கமாக யாரும் ஒன்றும் சொல்லாமல் எழுந்துவிடுகிற இடம். கேட்டார். மரகதவல்லி உட்காரவில்லை. எல்லாரும் உட்கார்ந்தபடி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒன்று தெரிய வேண்டும்," என்றாள். "நம் சிறையில் இருக்கிற தளபதியின் அறையில் ராத்திரி விளக்கு எரியுமா? அவன் அம்மா லைனில் இருக்கிறாள், பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்."